மதிலுக்கு வடக்கே

சுற்றிலும் சுவர் எழுப்பி, வாசலில் ஆள் நிறுத்தி, அதற்கு ஆகும் செலவைக் குடியிருப்பவர்கள் தலையிலேயே கட்டும் யோசனை சென்னைக்குப் புதிதல்ல. 1758 கடைசியில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஹைதர் அலியின் குதிரைகள் ஊர் விளிம்புவரை வந்துபோயின. அரண்டுபோன கம்பெனிக்காரர்கள் கருப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் கட்டினார்கள். காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. பிற்பாடு ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து, லண்டன் பார்லிமெண்டுவரை பெயர் நாறிய அதே ஆள். மதில் 1772 வாக்கில் எழுந்து நின்றது. செலவை உள்ளே இருக்கும் ஜனங்களிடம் வரியாக வசூலிப்பது என்று ஏற்பாடு. கடைசிவரை அது வசூலாகவில்லை என்றுதான் சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பணம் வரவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது: வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு. இந்த ஊரின் முதல் மெயின்டனன்ஸ் பாக்கி!

யானைக்கவுனி அந்த மதிலின் வாசல்களில் ஒன்று. வடக்குப் பார்த்த வாசல்களில் ஒன்றுக்குத் திருவொற்றியூர் பெயரும் இன்னொன்றுக்கு எண்ணூர் பெயரும் இருந்தன. வாசல் பெயர் இருந்ததே தவிர, இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை இருந்த சனம் மொத்தமும் மதிலுக்கு வெளியேதான். அந்த மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இன்னமும் இருக்கிறது. அதன் மேல் தோட்டம் போட்டு மாடிப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள்.

*

இப்போது மதில் வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்குமான மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்று ஓட ஆரம்பித்தது. தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று பஸ் கண்டக்டர் வாயில் மட்டுமே கேட்ட பெயர்கள் ஏ.சி. ரயிலின் அறிவிப்பில் கேட்கின்றன. ரயில் வந்ததும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையான டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் தகரத் தட்டி அடைத்த மனைகள் கூடின. தட்டிமேல் ஒட்டிய படத்தில் நீச்சல் குளம், கோல்ஃப் புல்லைப்போல வெட்டிய புல், சைக்கிள் ஓட்டும் வெள்ளைத் தோல் குழந்தை. அந்தப் படத்தில் கண்டெய்னர் லாரி கிடையாது. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக கேட்டுக்குள் போகக் கிலோமீட்டர் கணக்கில் நின்றுகொண்டிருக்கும் லாரிகளை எந்த ஓவியனும் வரைவதில்லை.

*

ஏன் கேட்டட் கம்யூனிட்டி வடசென்னைக்குத் தாமதமாக வந்தது என்று யோசித்தால், காரணம் பெரும்பாலும் நிலம்தான். கேட் போட்டுக் கட்ட ஒரே துண்டாகப் பல ஏக்கர் வேண்டும். தெற்கே ஓ.எம்.ஆரில் வயலும் ஏரிக்கரையும் கிடைத்தன. இங்கே அப்படி ஒரே கையில் இருந்த நிலமெல்லாம் ஆலைகளுடையது. ஆலை மூடினால்தான் வீடு வரும்.

பெரம்பூர் பின்னி ஆலையே சாட்சி. பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். ஆலை 1996இல் மூடியது. காலியாகக் கிடந்த கொட்டகைகளில் வருஷக்கணக்கில் சினிமா சண்டைக் காட்சி எடுத்தார்கள். இப்போது எஸ்.பி.ஆர். சிட்டி என்ற பெயரில் அங்கே அடுக்குமாடிகளும் பள்ளியும் மொத்த வியாபாரச் சந்தையும்.

ஆலைக்கும் கேட் இருந்தது. சங்கு ஊதினால் திறக்கும், ஊதினால் மூடும். கேட்டுக்கு வெளியே கூட்டம் போடுவதற்குக் 'கேட் மீட்டிங்' என்றே பெயர். புதிய கேட்டுக்கு வெளியே கூட்டம் போட்டால் வாட்ச்மேன் போலீசுக்குப் போன் செய்வார்.

*

வடக்கில் அடைத்த குடியிருப்பே இருந்ததில்லை என்று எழுதினால் அது பொய். இராயபுரத்தில் பார்சிகள் தங்கள் கோயிலைச் சுற்றித் தங்களுக்கென்று ஒரு சிறு உலகத்தை வைத்திருந்தார்கள். 1910இல் கட்டிய அந்த அக்னிக் கோயிலுக்குள் மற்றவர்கள் இன்றும் போக முடியாது. ரயில்வே காலனி, போர்ட் டிரஸ்ட் குவாட்டர்ஸ், எண்ணூர் அனல்மின் நிலையத்துக் குவாட்டர்ஸ், மணலி சுத்திகரிப்பு ஆலைக்காரர்களின் காலனி, எல்லாவற்றுக்கும் சுவரும் கேட்டும் உண்டு. ஆனால் அங்கே வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுக்க வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு மூடியபோது குவாட்டர்ஸும் கொஞ்சம் கொஞ்சமாகக் களையிழந்தது. ஃபோர்மேன் வீடும் ஹெல்பர் வீடும் வேறு வேறு அளவுதான், ஆனால் ஒரே சுவருக்குள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம் போயின. இப்போது வரும் சுவர் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே அளவு இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள்.

*

வாங்குகிறவர்கள் யார்? வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து வடசென்னையை வளைக்கிறார்கள் என்று ஒரு கதை சுலபமாக எழுதலாம். நான் பேசிப் பார்த்தவர்களை வைத்துச் சொன்னால் அது பாதிகூட உண்மையில்லை. காசிமேட்டில் இரண்டு விசைப்படகு வைத்திருப்பவரின் மகன். கிளியரிங் ஏஜென்சி ஆபீசில் முப்பது வருஷம் ஓட்டிய கணக்காளர். சௌகார்பேட்டையில் கடை மாடியில் நெருக்கியடித்த மார்வாடிக் குடும்பம். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, "இந்த ஏரியாவ விட்டுப் போக மனசு வரல" என்கிற தண்டையார்பேட்டைப் பெண். எல்லாரும் மண்ணின் பிள்ளைகள்.

இவர்களில் பலர் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்தவர்கள். நடுவில் முற்றம், சுற்றி ஆறு குடித்தனம், கோடியில் ஒரு கக்கூஸ், காலை ஐந்து மணிக்கே வாளியோடு வரிசை. அடி பம்பில் தண்ணீர் வராத நாளில் குடிநீர் வாரிய லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதற்கு ஆள் காவல். பொது வாழ்க்கையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், இந்த வரிசையில் நின்று பழகியவளிடம் பேசிவிட்டு எழுதுவது நல்லது. "எனக்குன்னு ஒரு பாத்ரூம், உள்ளேயே தாழ்ப்பாள். அதுக்கு எவ்ளோ வேணா குடுப்பேன்" என்றாள் ஒருத்தி. இதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்டது தாழ்ப்பாள் போட்ட குளியலறை. கிடைத்தது கேட் போட்ட தெரு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள், அங்கேதான் எனக்கு இடறுகிறது.

*

"வடசென்னையிலா வாங்கின? சேஃபா?"

தெற்கே இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதானாம். சினிமா போட்டுக் கொடுத்த பயம். இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு ஹவுசிங் போர்டு சுவருக்காக நடக்கும் அரசியல் சண்டையின் கதை; ஆனால் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அரிவாள்தான் ஞாபகம். பிரேசிலில் சாவோ பாவ்லோவின் மதில் குடியிருப்புகளை ஆராய்ந்த தெரேசா கால்தெய்ரா, குற்றத்தைவிடக் குற்றத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம் மதில் கட்டுகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இங்கே அந்தப் பேச்சைப் பேசித் தருவதற்கு பில்டருக்குச் செலவே இல்லை, கோடம்பாக்கம் இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது.

*

மீன்காரம்மா.

காசிமேட்டில் விடிகாலை ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, வீட்டு வாசல் வாசலாக வருகிறவர். திண்ணையில் உட்கார்ந்து கழுவி நறுக்கிக் கொடுத்து, நடுவே அந்தத் தெருவின் கல்யாணம் கருமாதி எல்லாம் பேசிவிட்டுப் போவார். அப்பார்ட்மெண்ட் கேட்டில் அவர் நிற்க வேண்டும். வாட்ச்மேன் இண்டர்காமில் கூப்பிட்டு, வேண்டியவர்கள் இறங்கி வந்தால் வியாபாரம். வாசலுக்கு எதிரே கூடையை இறக்கக் கூடாது, நாற்றம், பூனை வருகிறது என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் புகார். அதே கேட் வழியாக, அதே காசிமேட்டு வஞ்சிரத்தை வெற்றிட உறையில் போட்டு ஆப் கம்பெனிப் பையன் கொண்டு வந்தால், போனில் ஒரு பட்டன் அழுத்தி மேலே அனுப்பிவிடுகிறார்கள்.

"இன்னாம்மா, மீனுதானே ரெண்டும்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, ஒடிசாவிலிருந்து வந்த வாட்ச்மேன் புரியாமல் சிரித்தார். அவருக்கு மாதத்துக்கு இரண்டு நாள்கூட லீவு இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

*

சாவு.

இங்கே சாவு தெருவுக்குச் சொந்தம். ஷாமியானா தெருவை அடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி, ராத்திரி முழுக்க கானா. அடுத்த நாள் பறை, பூ, பட்டாசு. போக்குவரத்து திரும்பிப் போகும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாளை நம் வீட்டுக்கும் அதே தெருதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

பதினோராவது மாடியில் ஒருவர் இறந்தால்? சர்வீஸ் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதுதான் முதல் கேள்வி. ஷாமியானா எங்கே போடுவது, விசிட்டர் பார்க்கிங்கிலா? மேளம் அடிக்கலாமா, எத்தனை மணிவரை? சில இடங்களில் இதற்கும் பைலா எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். பலர் பெரியவர்களின் உடலைப் பழைய தெருவுக்கே கொண்டுபோய், அங்கே அண்ணன் வீட்டு வாசலில் வைத்து எடுக்கிறார்கள். வாழ்வது ஒரு விலாசத்தில், சாவது இன்னொன்றில். சரியான ஏற்பாடுதான், பழைய தெரு இருக்கும்வரை.

*

பாதுகாப்பு என்று விற்கப்படுவது எதிலிருந்து பாதுகாப்பு?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை ஒட்டி. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் சனங்கள் மூக்கையும் கண்ணையும் பொத்திக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சைரன் எச்சரித்து ஓடவில்லை, மூச்சு முட்டி ஓடினார்கள். ஆட்டோ பிடித்தவர், பைக்கில் நான்கு பேராகப் போனவர், நடந்தே எர்ணாவூர்ப் பக்கம் போனவர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மறுநாளிலிருந்து பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள்.

அதற்கு முந்தைய வாரங்களில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம்வரை கறுப்பாகப் படர்ந்தது. குப்பத்து ஆட்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். படகு, வலை, நண்டு, அலையாத்திச் செடி எல்லாம் தார் பூசியதுபோல.

மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. குறியீடு 76.32. பிரோஷரில் அந்த எண் இல்லை. மெட்ரோவுக்கு எத்தனை நிமிடம், பள்ளிக்கு எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். புகைபோக்கிக்கு எத்தனை நிமிடம் என்று போடவில்லை. சி.சி.டி.வி., பூம் பேரியர், கைரேகை, பார்வையாளர் புகைப்படம் எல்லாம் ஆட்களுக்கானவை. இந்தப் பகுதியில் ஆபத்து ஆளாக வந்ததைவிடக் காற்றாகவும் தண்ணீராகவும் வந்ததே அதிகம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எனக்கு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வாடை அடித்தால், முந்நூறு வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மெயில் போடும். அவர்களில் வக்கீல் இருப்பார், ஆடிட்டர் இருப்பார், டி.வி.யில் தெரிந்தவர் இருப்பார். பக்கத்துக் குப்பம் நாற்பது வருஷமாகச் சொல்வதை அதிகாரி அப்போதாவது காதில் வாங்குவாரா? வாங்கினால் அது யாருக்காக? ஒரு நல்ல சாத்தியமும் இதில் இருக்கிறது. இரண்டு மனுவும் ஒரே கவரில் போனால் வடசென்னைக்கு இதுவரை இல்லாத பலம். மெயில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தி ஏர் பியூரிஃபையர் வாங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. நான் பார்த்த அளவில் பியூரிஃபையர்தான் முந்துகிறது.

*

கேமரா இல்லாத பாதுகாப்பும் உண்டு. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்று 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள். விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லாரையும் வெளியேற்றியதால் உயிர் தப்பியது. கதவைத் தட்டி எழுப்பி இறக்கியவர்கள் அதே கட்டடத்து ஆட்கள். யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்த இடம் அது. அதே ஆண்டுதான் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

*

சட்டத்தில் ஒரு விஷயம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனையில் கட்டினால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக மாநகராட்சிக்கோ உள்ளாட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது அதுதான். எழுதிக் கொடுத்த பிறகு அது ஊருக்குச் சொந்தம். தெருவில் போகிற யாரும் உள்ளே போய் உட்காரலாம். ஆனால் சென்னையில் பல இடங்களில் அந்த நிலம் மதிலுக்கு உள்ளேயே அகப்பட்டு, குடியிருப்பவர்களின் வாக்கிங் தடமாக மாறிவிடுகிறது. "எங்க பார்க்" என்கிறார்கள். கணக்குப்படி அது பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் பார்க். வடசென்னையில் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பத்து சதவீதம் ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கிறதா என்று கவுன்சிலர் ஒரு நடை போய்ப் பார்த்தாலே போதும். மைதானமே இல்லாத வார்டுகளுக்கு இதைவிட மலிவாக மைதானம் கிடைக்காது.

*

கிளப் ஹவுஸ் வசதிகளின் பட்டியலில் 'உள்ளரங்க விளையாட்டு' என்று போட்டு முதலில் கேரம். சிரிப்பு வந்தது. கேரம் இங்கே மரத்தடியிலும் மன்றத்திலும் சின்னச் சின்ன அறைகளிலும் வளர்ந்தது. பவுடர் தட்டி, நூறு வாட்ஸ் பல்பு தொங்கவிட்டு, ராத்திரிமுழுக்க. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் அடித்தது அப்படி ஓர் இடத்தில் விளையாடித்தான். அவர் அப்பா வண்டி ஓட்டுகிறவர். கிளப் ஹவுஸ் போர்டுகளில் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர் காணாமல் போயிருக்கிறது.

*

கடலுக்கும் மதில் உண்டு. துறைமுகத்தின் கற்சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின. இப்போது இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பாறாங்கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு கூடும். அங்கே வளைவு கேட்டு மறியல் நடக்கும், போடுவார்கள், அடுத்த குப்பத்துக்கு அரிப்பு போகும்.

'சீ வியூ' என்று கூடுதல் விலை சொல்லும் பால்கனியிலிருந்து தெரிவது இந்தப் பாறைகள். வெள்ளைக்காரர்கள் படகு விடவும் காற்று வாங்கவும் போன எண்ணூர் இதே எண்ணூர்தான்.

*

கூடப் படித்தவன் ஒருத்தன், தண்டையார்பேட்டை ஆள், போன் பண்ணினான். விம்கோ நகர் பக்கம் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், புக் பண்ணலாமா என்று.

"யூ.டி.எஸ்., அதான் உன் பங்கு நிலம், எவ்ளோனு கேட்டியா?"

"கேட்டேன்டா. ரேரா நம்பரும் பாத்துட்டேன்."

"மழைல மணலி புதுநகர் மாதிரி தண்ணி நிக்குமா? 2015ல, 2023ல அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு எதிர் டீக்கடைல கேளு. பில்டர்ட்ட கேக்காத."

"கேட்டுட்டேன். முழங்கால் அளவு. மனைய ஒசத்திட்டாங்களாம்."

"அப்ப அந்தத் தண்ணி எதிர்த் தெருவுக்குப் போகும்."

அவன் பேசவில்லை.

"ஓ.எஸ்.ஆர். நிலம் எந்தப் பக்கம்?"

"அது பின்னாடி எங்கியோ காட்டினாங்க."

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, ராத்திரில போய் நின்னு பாத்தியா?"

"டேய்," என்றான். "நாப்பத்தி ரெண்டு வருஷமா அந்தக் காத்துலதான இருக்கேன். அம்மாக்கு முட்டி போயிடுச்சு. இப்ப இருக்கிற வீட்ல மாடிப்படி செங்குத்தா ஏறுது, கோயிலுக்குப் போயே ஆறு மாசம் ஆச்சு. அங்க லிஃப்ட் இருக்கு. ஜெனரேட்டர் பேக்கப்போட. சனிக்கிழம அட்வான்ஸ் குடுக்கப் போறேன், நீ வரியா?"

வருகிறேன் என்றேன்.